கேட்காமலே கேனிஸ்டரைக் கழற்றிவிட்டார்கள்: பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை பக்கம் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஒர்க்ஷாப் ஒன்றில், எங்கள் காரிலிருந்து, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டர் என்ற பாகத்தை எங்களிடம் கேட்காமலே கழற்றிவிட்டார்கள். ‘பெட்ரோல் லைன் சர்வீஸ்’ என்று பில் போட்டு 3,200 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள்.

வண்டிக்கு இருந்த கோளாறு சின்னதுதான். பங்கில் பெட்ரோல் போட்ட கையோடு ஸ்டார்ட் செய்தால் லேசில் பிடிக்காது. மற்ற நேரமெல்லாம் நன்றாக ஓடும். ஒர்க்ஷாப்பிலிருந்து வந்தபின் அது தீர்ந்தது. ஆனால் வெயிலில் நிறுத்தினாலே பெட்ரோல் வாடை. ஏசி போட்டால் உள்ளே வாடை, அம்மாவுக்குத் தலைச்சுற்றல். திரும்பப் போய்க் கேட்டதற்கு, “இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கண்ணே, அதான்” என்று அனுப்பிவிட்டார்கள்.

ராமநாதபுரத்தில் வேறொரு மெக்கானிக் பானெட்டைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கேனிஸ்டர் இருக்க வேண்டிய இடம் காலி. எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் போல்ட்டைச் செருகி கிளாம்ப் போட்டிருந்தார்கள். டேங்கிலிருந்து வரும் ஹோஸ் வாய் திறந்தபடி கிடந்தது.

கேனிஸ்டர் என்பது உள்ளே ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி அடைத்த கறுப்பு டப்பா. நம் ஊர் வெயிலுக்கு டேங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி வெளியே போகாமல் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடாகி ஓடும்போது, கேனிஸ்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் பர்ஜ் வால்வு திறக்கும். வெளிக்காற்று கரி வழியாகப் புகுந்து ஆவியை எஞ்சினுக்குள் இழுத்துப் போக, அது அங்கே எரிந்துவிடும். எங்கள் வண்டியில் அந்த வால்வுதான் மூடாமல் சிக்கியிருந்தது. பெட்ரோல் நிரப்பும்போது கிளம்பும் ஆவி முழுக்க எஞ்சினுக்குள் போய் ஸ்டார்ட்டிங்கைக் கெடுத்திருக்கிறது. ஹோஸை அடைத்ததும் அது நின்றது, அவ்வளவுதான். வால்வை மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். இப்போது வால்வோடு கேனிஸ்டரும் வாங்க வேண்டியதாயிற்று. கழற்றியதைக் கேட்டால் “குப்பையில போட்டாச்சு” என்றார்கள்.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் வேறொன்றில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பரவும். நாங்கள் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்து வளவில் சித்தி கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். இதையெல்லாம் ஒரு நிமிடமாவது யோசித்தார்களா? அந்த ஆவியில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் இருக்கிறது.

புகைப் பரிசோதனையில் இது மாட்டாது. அங்கே சைலன்சர் வழியாக வருவதை மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால் நீங்களே பானெட்டைத் திறந்து பாருங்கள். ஹோஸ் முனையில் போல்ட்டோ கம்பிக்கட்டோ இருந்தால் உடனே விசாரியுங்கள். சில வண்டிகளில் கேனிஸ்டர் பின்னால் டேங்க் பக்கம் இருக்கும். “அது மைலேஜைத் தின்னும், எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம், பங்கில் ஆட்டோகட் ஆனபின், அதாவது குழாய் தானாக நின்றபின், கழுத்துவரை நிரப்பச் சொல்லாதீர்கள். திரவப் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி கெட்டுவிடும்.

மாற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் என்ன வேலை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். எங்களிடம் பில்லும், போல்ட் செருகிய ஹோஸின் போட்டோவும் இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறோம். 2 ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். இதே வேலை உங்கள் வண்டியிலும் நடந்திருந்தால் நீங்களும் கொடுங்கள்.