காகித நிலவியல் வரைபடத்தைத் தரவுத்தளமாக்க க்யூஜிஐஎஸ்: எங்கே கை கொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

கல்லூரி ஆய்வேட்டின் பின்னட்டைப் பையில், குவாரிக் கோப்பில், கிணற்று நீர் அறிக்கையில் மடித்துச் செருகிய நிலவியல் வரைபடங்கள் கொங்கு மண்டலத்தில் ஏராளம். அவற்றைக் கணினிக்குள் கொண்டுவர, காசில்லாமல் கிடைக்கும் வரைபட மென்பொருள் க்யூஜிஐஎஸ் போதுமா? போதும். ஆனால் நீங்கள் தப்பு செய்யும்போது அது பெரும்பாலும் வாயே திறக்காது. படம் அழகாகத் திரையில் விழும். தப்பு ஆறு மாதம் கழித்து, ஆழ்துளை போட இடம் குறிக்கும்போதுதான் தெரியும். அதனால் மென்பொருளின் வசதிகளைவிட அது பேசாமல் இருக்கும் இடங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம்.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம்: 58-ஈ/12 டோபோஷீட்டை (அரசின் நில அளவை வரைபடத் தாள்) அடித்தாளாக வைத்து வண்ணம் தீட்டியது. கிழக்கு 77°30′ முதல் 77°45′ வரை, வடக்கு 11°00′ முதல் 11°15′ வரை. சிவன்மலையும் சென்னிமலையும் இதற்குள் வரும். அளவு 1:50,000.

தொடங்குமுன் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தைப் பாருங்கள். உங்கள் பகுதியின் 1:50,000 பாறை எல்லைகள் அங்கே ஏற்கெனவே இருந்தால், அதையே மறுபடி வரைவது வீண் வேலை. கையிலிருக்கும் காகிதத்தில் அதைவிட நுணுக்கமான எல்லையோ, ஸ்ட்ரைக்–டிப் அளவுகளோ (பாறைத் தளம் ஓடும் திசை, சாயும் கோணம்) இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் கடைக்காரரிடம் மூன்றே சொற்கள் போதும்: 400 டிபிஐ, கலர், டிஃப். ஜேபெக் வேண்டாம். மெல்லிய கோடுகளைச் சுற்றி அது பூக்கும் அழுக்கு பிறகு எல்லைக்கோட்டோடு கலந்துவிடும். கட்டட பிளான் ஸ்கேன் செய்யும் கடைகளில் தாளை உருளை இழுத்துக்கொண்டு போகும் வகைதான் அதிகம். மடிப்புள்ள தாள் அதில் நடுவழியில் வழுக்கும். அதனால் கொடுப்பதற்கு முன் ஸ்டீல் ஸ்கேலால் உள்கட்டத்தை அளந்து ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள். இந்தத் தாளில் உயரம் 55.3 செ.மீ., அகலம் 54.6 செ.மீ. இருக்க வேண்டும். 400 டிபிஐயில் 55.3 செ.மீ. என்றால் சுமார் 8,710 பிக்சல். காகிதமே ஒரு சதவீதம் சுருங்கியிருந்தால் அது சீராக இருக்கும், பின்னால் சரியாகிவிடும். உருளை வழுக்கியது அப்படியல்ல. ஸ்கேலில் 55.3 காட்டிய தாள் ஸ்கேனில் 8,640 பிக்சல் காட்டினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஜியோரெஃபரன்சர், அதாவது ஸ்கேன் படத்தைப் பூமியில் அதன் இடத்தில் பொருத்தும் கருவி. க்யூஜிஐஎஸ்ஸில் நன்றாக எழுதப்பட்ட பகுதி இது, ஆபத்தான பகுதியும் இதுதான். 5 நிமிட இடைவெளியில் அச்சிட்ட கட்டங்கள் சந்திக்கும் இடம் இந்தத் தாளில் 16. பதினாறையும் குறியுங்கள். நான்கு மூலையோடு நிறுத்துவது சோம்பேறித்தனம். நடுவில் மடிப்பு இழுத்திருப்பதை மூலைகள் காட்டித்தராது. 11°05′ என்பதை 11.05 என்று அடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. சரியான எண் 11.083333. இரண்டுக்கும் நடுவே 3.7 கிலோமீட்டர். கணக்குப் போடாமல் 11 05 00 என்று இடைவெளி விட்டு அடித்தாலும் அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளும். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, 77-இல் தொடங்குவது. அதுதான் முதலில்.

டிரான்ஸ்ஃபர்மேஷன் வகையில் பாலினோமியல் 1 போட்டு, பட்டியலில் ஒவ்வொரு புள்ளியின் ரெசிடுவலையும் (பொருத்திய பிறகும் மிஞ்சும் விலகல்) பாருங்கள். 400 டிபிஐயில் ஒரு பிக்சல் தரையில் 3.2 மீட்டர். நான்கு பிக்சலுக்குள் இருந்தால் திருப்தி. ஒரே ஒரு புள்ளி மட்டும் 20, 30 என்று துள்ளினால் அது தட்டச்சுப் பிழை. ஒரு பக்கம் முழுக்க ஏறிக்கொண்டே போனால் காகிதம் இழுத்திருக்கிறது. அப்போது பாலினோமியல் 2. இந்த இடத்தில் பலர் தின் பிளேட் ஸ்ப்லைனுக்குத் தாவி, ரெசிடுவல் சுழியம் ஆனதும் மகிழ்ந்துபோகிறார்கள். அந்த முறையில் ரெசிடுவல் எப்போதுமே சுழியம்தான். நீங்கள் எங்கே தப்பாகக் குத்தினாலும் படத்தை அங்கேயே இழுத்து ஒட்டிவிடும். கசங்கிய தாளுக்கு அது தேவைப்படலாம், ஆனால் தட்டச்சுப் பிழைகளை முதல் முறையில் களைந்த பிறகுதான்.

இனி டேட்டம், அதாவது தாளின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் எந்த அடிப்படையில் அளந்தவை என்பது. பழைய டோபோஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்வட்டத்தை ஒட்டியவை. தேர்வுப் பட்டியலில் 'இந்தியன் 1975' என்று ஒன்று கண்ணில் படும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது தாய்லாந்துக்கானது. நமக்கு வேண்டியது கலியான்பூர் 1975, அதன் இபிஎஸ்ஜி எண் (பட்டியலில் தேடுவதற்கான குறியெண்) 4146. அதிலிருந்து ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றும்போது வழிகளின் பட்டியல் ஒன்று வரும். 295, 736, 257 என்ற எண்கள் உள்ள வழியைத் தேர்ந்தெடுங்கள். 'பால்பார்க்' என்று பெயரிட்டது எந்த நகர்த்தலும் செய்யாது. நம் பகுதியில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 200 மீட்டர், தாளில் 4 மி.மீ. சரியான வழியின் துல்லியமும் 20 மீட்டரைச் சுற்றித்தான் என்பதால் செயற்கைக்கோள் படத்தோடு ஒருமுறை ஒப்பிட்டே ஆக வேண்டும். ஒப்பிட ஆற்று வளைவுகளை நம்பாதீர்கள். நொய்யல் கரை வெள்ளத்துக்கு நகரும். ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் வந்தது, அதற்கு முந்தைய தாளில் இருக்காது. கீழ்பவானி வாய்க்காலைச் சாலை கடக்கும் பாலங்கள் நல்ல புள்ளிகள். சிவன்மலையின் அடிவாரக் கோடு சும்மா கண்ணால் பார்க்க உதவும்.

கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. 78° கிழக்கு நம் நடுவே ஓடுகிறது. யூடிஎம் என்பது பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை. கோவை, திருப்பூர், ஈரோடு, திருச்செங்கோடு அதன் 43-ஆம் மண்டலத்தில். சேலம், நாமக்கல், கரூர் 44-இல். நம் தாளுக்கு இபிஎஸ்ஜி 32643. நாமக்கல் தாளை 32644-இல் வைத்திருப்பவர் அதை இதே புராஜெக்டில் திறந்தால் க்யூஜிஐஎஸ் அந்தந்த இடத்தில் ஒழுங்காகவே காட்டும். வில்லங்கம் அங்கேதான்: இரண்டும் வேறு மண்டலம் என்பதே கண்ணில் படாது. லேயருக்கு மண்டலத்தைத் தப்பாக எழுதிவைத்தால் மட்டும் படம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய்க் காட்டிக்கொடுக்கும். பல தாள்களை ஒட்டப் போகிறீர்கள் என்றால் சேமிப்பை டபிள்யூஜிஎஸ் 84 பாகையிலேயே வைத்துக்கொண்டு, பரப்பளவு வேண்டும்போது மட்டும் மாற்றுங்கள்.

வரைவதில் ஒரே விதி: பாலிகானை (மூடிய பரப்பை) நேராக வரையாதீர்கள். முதலில் கோடுகள். பாறை எல்லைகளும் பிளவுகளும் ஒரே லேயரில் இருக்கட்டும். கோட்டு முனைகளை ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கை 10–12 பிக்சலில் இயக்கி (தானாக இயங்கியிருக்காது, நீங்கள்தான் தட்ட வேண்டும்), திரை அளவை 1:10,000 சுற்றி வைத்து வரையுங்கள். அச்சுக்கோட்டின் தடிப்பு 0.3 மி.மீ. என்றாலே தரையில் 15 மீட்டர். 1:1,000 வரை உள்ளே போய் அதன் விளிம்பைத் தடவுவதில் பொருளில்லை. விட்டுவிட்டு வரும் கோடு ஒரே கோடுதான், துண்டு துண்டாக அல்ல. அது 'உத்தேசம்' என்பது அட்டவணையில் போக வேண்டிய செய்தி. டாலரைட் டைக்கும் (பிளவில் ஏறி உறைந்த பாறைச் சுவர்) பெக்மடைட் நரம்பும் தாளில் ஒரு மி.மீ. அகலம் என்றால் 50 மீட்டர் என்று கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரிவதற்காகத் தடிப்பாக்கியவை அவை, கோடாகவே விடுங்கள்.

கோடுகள் முடிந்ததும் பாலிகனைஸ், கோடுகள் சூழ்ந்த இடங்களைப் பரப்பாக்கும் கருவி. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பாறைக்குறியோடு ஒரு புள்ளி வைத்து இட அடிப்படையில் இணையுங்கள். புள்ளி விழாத துண்டும் இரண்டு புள்ளி விழுந்த துண்டும் பிழைப் பட்டியலாகவே வெளியே வரும். 2,500 சதுர மீட்டருக்குக் குறைவான துண்டு, அதாவது தாளில் ஒரு சதுர மி.மீ., பெரும்பாலும் கோடு சரியாக மூடாததால் பிறந்த சில்லுதான். நிறத்தை வைத்துத் தானாகவே எல்லை பிரித்துவிடலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அச்சு நிறம் என்பது புள்ளிகளின் கூட்டம். அதன் மேல் ஊர்ப்பெயரும் கான்டூரும் ஏறியிருக்கும். சார்னோக்கைட், நைஸ் என்ற இரு பாறைகளும் வெளுத்த தாளில் ஒரே மாதிரி இருக்கும். சுத்தம் செய்யும் நேரத்தில் கையால் இரண்டு தாள் வரைந்துவிடலாம்.

கோப்பு வடிவம் ஜியோபேக்கேஜ். ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவத்தில் புலப்பெயருக்கு, அதாவது அட்டவணை நெடுவரிசையின் பெயருக்கு, பத்து பைட்டுகள்தான் இடம். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் போவதால் 'பாறை' என்று எழுதினாலே இடம் தீர்ந்துவிடும்.

அட்டவணையில்தான் அனுபவம் தெரியும். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2020-இல் வெளியிட்ட ஜெம்ஸ் என்ற நிலவியல் வரைபடத் தரவு அமைப்பைச் சுருக்கிப் பயன்படுத்தலாம்: எல்லைக் கோடு, பாறைப் பரப்பு, திசைப் புள்ளி, பாறை விளக்கம், மூல ஆவணம் என ஐந்து அட்டவணை. இருப்பு உறுதியா, இடம் எத்தனை மீட்டருக்குள் உறுதி என்பதற்குத் தனித்தனிப் புலம். அதன் சரிபார்ப்புக் கருவிகள் ஆர்க்ஜிஐஎஸ் என்ற கட்டண மென்பொருளுக்காக எழுதியவை என்பது க்யூஜிஐஎஸ்காரர்களுக்கு ஒரு குறை. தாளின் லெஜெண்டை (நிறம், குறிகளின் விளக்கப் பட்டியல்) அப்படியே ஒரு புலத்திலும், இன்றைய பெயரை இன்னொரு புலத்திலும் எழுதுங்கள். சிவன்மலைப் பாறையை 1901-இல் நிலவியலாளர் ஹாலண்டு எலியோலைட் சயனைட் என்று எழுதினார், இன்று நெஃபலின் சயனைட் என்கிறோம். பழைய லெஜெண்டில் உள்ளதைத் 'திருத்தி' விட்டால், அடுத்து வருபவர் மூலத்தோடு ஒப்பிட முடியாது. (அங்கே குருந்தமும் கிடைக்கும். அந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்துக்கு அந்தக் கனிமப் பெயரே போனது, அதை இரண்டாம் புலத்தில் குருந்தம் என்றே எழுதுவதில் தப்பில்லை.)

ஸ்ட்ரைக்–டிப் குறிகளில் புள்ளியை எண்ணின் மேல் வைக்காதீர்கள். நீளக்கோட்டிலிருந்து குட்டிக்கோடு கிளம்பும் இடம்தான் அளந்த இடம். வலக்கை விதிப்படி ஸ்ட்ரைக்கை எழுதினால் டிப் எப்போதும் அதற்கு வலப்பக்கம் 90 பாகையில் விழும். 40/60 என்பதும் 220/60 என்பதும் எதிர்ப்பக்கம் சாயும் இரண்டு பாறைகள். க்யூஜிஐஎஸ் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் குறியைத் திருப்பும் என்பதால் அந்த எண்ணை அப்படியே ரொட்டேஷனில் கொடுக்கலாம். நம் நைஸ் பகுதியில் குறிகள் பெரும்பாலும் ஃபோலியேஷன் (உருமாறிய பாறையின் தகட்டு அடுக்கு). அதைப் படிவுப்படுகைக் குறியாகப் பதிந்து வைத்தால் பிறகு யாரும் கவனிக்கமாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் கோடுகளை மட்டும் டிரேசிங் தாளில் 1:50,000 அளவில் அச்சடித்து, மூலத் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிரின்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை அணைத்துவிட்டு, அச்சான கட்டத்தை முதலில் அளந்துவிடுங்கள். அரை மி.மீ.க்கு மேல் விலகிய கோடுகளைச் சிவப்பில் வட்டமிட்டு, அவற்றை மட்டும் மறுபடி வரையுங்கள்.