முன்பணம் திரும்பி வரவில்லையா? சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் மாணவருக்கு எந்த அளவு கைகொடுக்கும்

ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்பது சிங்கப்பூர் வழக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 900 வெள்ளிக்கு அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய பணம். சாவியைக் கொடுத்த பிறகு, சுவரில் ஆணி ஓட்டை, மெத்தையில் கறை, ஏர்கான் சர்விஸ் செய்யவில்லை என்று கணக்குச் சொல்லி வீட்டுக்காரர் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டால், போக வேண்டிய இடம் இந்த மன்றம்தான்.

2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை இது விசாரிக்கும். கோரிக்கை 20,000 வெள்ளி வரை இருக்கலாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000. கட்டணம் 10 வெள்ளியில் தொடங்குகிறது. மனுவை இணையத்திலேயே போடலாம். முதலில் பதிவாளர் முன் சமரசப் பேச்சு. அதில் முடியாவிட்டால்தான் விசாரணை. வழக்கறிஞருக்கு இங்கே இடமில்லை. வீட்டுக்காரரும் வக்கீல் வைக்க முடியாது என்பதே மாணவருக்குக் கிடைக்கும் பெரிய பலம்.

ஆனால் மனு நிற்பதும் விழுவதும் குடிபோன முதல் இரண்டு வாரத்தில் செய்த வேலையைப் பொறுத்தது. பலரும் கோட்டை விடுவது முத்திரை வரியில். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: 900 வெள்ளி வீதம் 12 மாதத்துக்கு 10,800, அதற்கு வரி 43 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் கட்டவேண்டும், வழக்கமாகக் குடியிருப்பவர்தான் கட்டுவார். முத்திரை இல்லாத ஒப்பந்தம் சான்றாக ஏற்கப்படாது. தாமதமானாலும் வழி உண்டு: 3 மாதத்துக்குள் என்றால் அபராதமாக இன்னொரு 43 வெள்ளி, அதைத் தாண்டினால் அபராதம் 4 மடங்கு வரை போகும்.

அடுத்தது பெயர். மனு பற்றிய அறிவிப்பை எதிர்த்தரப்பிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. வாட்ஸ்அப்பில் "ஆன்ட்டி" என்று சேமித்த எண் அதற்குப் போதாது. உரிமையாளரின் முழுப்பெயரும் முகவரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முன்பணத்தை ரொக்கமாகத் தராமல், அவர் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையாளவே கூடாது என்பது சட்டம். "என்னிடம் கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன்" என்று அவர் கேட்டாலே எச்சரிக்கையாக இருங்கள்.

சான்றுகளில் எடை அதிகம் உள்ளவை சாதாரணப் பொருட்களே. சாவி வாங்கிய அன்று எடுத்த காணொளியில் மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தையும், அலமாரிக் கதவின் உட்புறத்தையும், கழிவறைத் தரை மூலைகளையும் காட்டுங்கள். அன்றைக்கே உரிமையாளருக்கு அனுப்புங்கள். ஏர்கான் சர்விஸ் 3 மாதத்துக்கு ஒருமுறை என்று ஒப்பந்தம் சொன்னால், ஓராண்டில் 4 ரசீது இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிடித்தத்துக்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். வெயிலில் மங்கிய திரைச்சீலையும் நடந்து தேய்ந்த தரையும் வழக்கமான தேய்மானம். இவற்றுக்காகப் பிடித்தம் செய்தால் தயங்காமல் மறுத்துப் பேசலாம்.

முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கடைசி மாத வாடகையை நிறுத்திவிடுவது தவறு. ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்கள் என்றாகிவிடும்.

மன்றத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். தனக்குப் பதிலாக வழக்கறிஞரை அனுப்ப வழியில்லாததால், ஊருக்குத் திரும்பிவிட்ட மாணவருக்கு வழக்கு நடத்துவது கடினம். சாவி கொடுத்த மறுநாளே விமானம் ஏறுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். சில வாரமாவது இடைவெளி விடுங்கள். உத்தரவு கிடைத்த பின்னும் வீட்டுக்காரர் பணம் தராவிட்டால், அதை நிறைவேற்றத் தனி விண்ணப்பமும் தனிச் செலவும் ஆகும்.

வீவக அனுமதி இல்லாத அறை, தடுப்புப் போட்டுப் பிரித்த அறை, 6 மாதத்துக்குக் குறைந்த வாடகை என்றால் உங்கள் நிலை தொடக்கத்திலேயே பலவீனமானது. அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். காட்ட மறுத்தால் அந்த அறை வேண்டாம்.