தேதியா, கட்டமா? பெர்ணம் ஆற்றின் இரு கரைகள்

மலேசியாவில் கொரோனா ஊரடங்கின் 2020 மே 4 தளர்வுக்கு அளவுகோல் தேதிதான். நாள் வந்தால் கடை திறக்கலாம். நினைவில் வைக்க எளிது. ஆனால் கெடா, சபா, சரவாக் மாநிலங்கள் உடனே ஏற்கவில்லை.

2021 ஜூனில் வந்த தேசிய மீட்சித் திட்டம் கட்டுப்பாடுகளை 4 கட்டங்களாகத் தளர்த்தியது. தினசரித் தொற்று, தீவிர சிகிச்சைப் படுக்கை, 2 தடுப்பூசியும் போட்டவர் விகிதம் ஆகிய மூன்றும் தேறினால்தான் அடுத்த கட்டம். இதுவே நியாயமானது, சிக்கல் மாநில எல்லையில்.

பேராக் ஜூலை 5-இல் 2-ஆம் கட்டம் போனது. சிலாங்கூர் செப்டம்பர் 10-இல்தான். தஞ்சோங் மாலிம் ஊர் பேராக்கில், பெர்ணம் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள உலு பெர்ணம் சிலாங்கூரில். (வைரஸுக்கு எல்லைக்கல் தெரியுமா!) அக்கரைத் தோட்டத்தில் வேலை, இக்கரையில் வீடு என்றால் சாலைத் தடுப்பில் வேலைக் கடிதம் காட்ட வேண்டியிருந்தது. பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் தடுப்பூசியை முடித்த பிறகே, அக்டோபர் 11-இல் மாநில எல்லை திறந்தது.