சீட் டிரில்: ரோலரா, சாய்தட்டா?

டிராக்டரில் மாட்டி வரிசையாக விதைக்கும் கருவியான சீட் டிரில்லில் காசு கொடுத்து வாங்குவது விதையை அளந்து விடும் அமைப்பைத்தான். சட்டம், மண்ணைக் கீறும் கொழு, பெட்டி எது கெட்டாலும் ஊர்ப் பட்டறையில் வெல்டு வைத்துக்கொள்ளலாம். அளக்கும் பாகம் பயிருக்குப் பொருந்தாவிட்டால் கருவி கொட்டகையில்தான் கிடக்கும். 35 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டருக்கென்று இங்கே விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டே வகை.

முதலாவது ஃபுளூட்டட் ரோலர். நீளவாக்கில் பள்ளம் வெட்டிய உருளை சுழன்று விதையைச் சரமாக விடும், எண்ணி விடாது. பெட்டிக்குள் நீட்டியிருக்கும் உருளையின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தால் விதையளவு மாறும். உளுந்து, பாசிப்பயறு, சோளம், புழுதியில் விதைக்கும் நெல் இவற்றுக்கு இதுவே தாராளம், விலையும் குறைவு. நிலக்கடலைக்கு வேண்டாம். பருப்பு உருளைக்கும் கூட்டுக்கும் நடுவில் நசுங்கித் தோல் உரியும், சிலது பிளந்தே விழும். அப்படி விழுந்தது மண்ணில் அழுகும்.

இரண்டாவது சாய்தட்டு. வரிசைக்கு ஒரு சிறு பெட்டி. அதன் அடியில் குழிகள் வெட்டிய தட்டு சாய்வாகச் சுழலும். ஒரு குழி ஒரு விதையை ஏந்திப் போகும், மிச்சம் வழுக்கி விழுந்துவிடும். மக்காச்சோளம், நிலக்கடலை, பருத்தி போடுகிறவர்கள் கூடுதல் விலையானாலும் இதைத்தான் எடுக்க வேண்டும். வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை ரோலரில் கொட்டினால் ஓரிடத்தில் நாலு விழும், அடுத்த இரண்டடி வெறுமையாகக் கிடக்கும். தட்டுகள் பயிருக்குப் பயிர் வேறு. எந்தெந்தத் தட்டு விலையில் சேர்த்தி என்று பில் போடுமுன் கேளுங்கள். விதை ஒரே பருமனாக இல்லாவிட்டால் நல்ல தட்டும் ஏமாற்றும், சல்லடையில் சலித்துப் போடுவது அவசியம்.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். கருவியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, அளக்கும் பாகத்தைச் சுழற்றும் தரைச்சக்கரத்தை 20 சுற்று கையால் சுற்றுங்கள். சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. என்றால் இது ஏறக்குறைய 25 மீட்டர் ஓட்டத்துக்குச் சமம். 30 செ.மீ. இடைவெளியில் ஏழு வரிசை உளுந்து, ஏக்கருக்கு 8 கிலோ வேண்டுமென்றால் ஏழு குழாயிலும் சேர்த்து 104 கிராம், குழாய்க்கு 15 கிராம் விழ வேண்டும். ஒரு குழாயில் 10, இன்னொன்றில் 20 என்றால் மொத்தம் சரியாக வந்தும் பயனில்லை. மக்காச்சோளத்துக்குச் செடிக்குச் செடி 25 செ.மீ. என்றால் அதே 20 சுற்றில் குழாய்க்கு 100 விதை. எண்ணிப் பாருங்கள், உடைந்த விதை எத்தனை என்றும் பாருங்கள்.

வயலில் கணக்குத் தப்புவது பெரும்பாலும் தரைச்சக்கரம் வழுக்குவதால். ரோட்டவேட்டர் ஓட்டிய பொலபொலப்பான மண்ணில் சக்கரம் சுற்றாமல் இழுபடும், விதை குறையும். சக்கரத்தில் பற்கள் நீளமாகவும், கீழே அழுத்தும் ஸ்பிரிங் விறைப்பாகவும் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 4 கி.மீ. போதும். அதற்கு மேல் போனால் தட்டின் குழிகள் விதை ஏந்தாமலே கடந்துவிடும்.

கொழுவைக் கல் நிலத்துக்கு மண்வெட்டி முனையாகவும், கரிசலுக்குச் செருப்பு வடிவமாகவும் கேட்டு வாங்குங்கள். கொழு மண்ணில் இருக்கும்போது டிராக்டரைப் பின்னால் எடுத்தால் முனையில் மண் ஏறிக் குழாய் அடைத்துக்கொள்ளும். முன்னால் பார்த்து ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, ஒரு வரிசை முழுக்க முளைக்காத பிறகுதான் தெரியும். அதனால் உள்ளே விதை ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாயே மேல். பின்னால் ஒரு ஆள் நடந்து வருவதும் வீண் செலவல்ல.

உரப்பெட்டி இருந்தால், உரம் விதைக்குப் பக்கவாட்டிலும் சற்றுக் கீழேயும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே குழாயில் இறங்கும் மாடல் விலை மலிவு, ஆனால் முளைப்பைக் கெடுக்கும். டி.ஏ.பி. குருணை தடையின்றி இறங்கும். யூரியா ஈரம் இழுத்துக் கட்டியாகும். அன்றன்றைக்கே பெட்டியைக் காலி செய்து துடைக்காவிட்டால் முதலில் துருப்பிடிப்பது உரப்பெட்டியின் அடித்தகடுதான். ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம் கலந்த விதையை நிழலில் உலர்த்தாமல் போட்டால் விதைப்பெட்டியிலும் கட்டிப்பட்டு அடைப்பு வரும்.

வருஷத்துக்கு ஐந்தாறு ஏக்கர்தான் விதைப்பு என்றால் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். வாங்குகிறவர்கள் மானியத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் முதலில் விண்ணப்பித்துவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போகட்டும்.