தோனி வழியா, கோலி வழியா?

புதிதாக டீம் லீடர் ஆகிறவர்களுக்கு வரும் குழப்பம்தான் இது: அமைதியாக நடத்துவதா, முன்னால் நின்று முடுக்குவதா? இந்திய கிரிக்கெட் அணியின் இரண்டு முன்னாள் கேப்டன்களை வைத்துப் பார்ப்போம்.

நெருக்கடியில்
தோனி: 2007 டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை. பந்தை அதிக அனுபவமில்லாத பந்துவீச்சாளர் ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்தார். இந்தியா 5 ரன்னில் வென்றது. தோற்றிருந்தால் பழி முழுக்க கேப்டன் தலையில்தான் விழுந்திருக்கும். அது தெரிந்தும் இன்னொருவரை நம்பினாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.
கோலி: உணர்ச்சியை மறைக்க மாட்டார். அந்த வேகம் அணிக்கும் தொற்றும்.

தரத்தை உயர்த்துவதில்
கோலி: உடற்தகுதியில் தானே முன்மாதிரி. 2018-19இல் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி இவர் தலைமையில்தான். 68 டெஸ்டில் 40 வெற்றி.
தோனி: 60 டெஸ்டில் 27. வெளிநாட்டில் சறுக்கல் அதிகம்.

யாருக்கு எது?
அனுபவம் குறைந்த, பயந்த குழு என்றால் தோனி வழி. திறமை இருந்தும் மெத்தனமாகிவிட்ட குழுவுக்கு கோலி வழி. ஆனால் தலைவர் முதல் ஆளாக வியர்வை சிந்தாவிட்டால் அது வெறும் அதட்டலாகிவிடும்.