ஷோப்பான் பிறந்தது அவுட்ஹவுஸில்தான்: ஜெலாசோவா வோலா போய்வந்தோம்

போலந்தின் இசையமைப்பாளர் ஷோப்பான் பிறந்த ஊர் ஜெலாசோவா வோலா, வார்சாவிலிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். சோஹாச்செவ் வரை ரயில், அங்கிருந்து டாக்சி. என்னோடு தங்கிப் போக வந்திருந்த அப்பாவை, “போலந்துப் பண்ணையார் வீடு ஒன்று காட்டுகிறேன்” என்று சொல்லி அழைத்துப் போனேன். பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்தவர். இசையில் அவருக்கு ஈடுபாடு கிடையாது, கட்டடம் என்றால் சோறு வேண்டாம்.

பூங்காவுக்குள் நடந்து, மரங்களுக்கு நடுவே அந்த வெள்ளை வீட்டைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். தாழ்ந்த ஒற்றை மாடி, செங்குத்தாக இறங்கும் கூரை, வாசலில் தூண் வைத்த சின்ன முகப்பு. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ஏம்மா, பெரிய வீடு எங்க? இது அவுட்ஹவுஸ் மாதிரி இருக்கே?”

அவர் சொன்னது சரி. இங்கே பண்ணை ஸ்கார்பெக் குடும்பத்துடையது. அவர்கள் இருந்த பெரிய வீடு பிற்காலத்தில் தீயில் போய்விட்டது. மிஞ்சியது பக்கத்துக் கட்டடம். போலிஷில் இதற்கு ஒஃபிட்சினா என்று பெயர். ஸ்கார்பெக் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்த பிரெஞ்சுக்காரர் மிகோவாய் ஷோப்பான், அந்த வீட்டு நிர்வாகத்தைக் கவனித்த தூரத்து உறவுப் பெண் யுஸ்தினாவை 1806-இல் பக்கத்து ஊர் ப்ரோஹுவ் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டார். 1810-இல் இந்தப் பக்கத்துக் கட்டடத்தில் அவர்கள் மகன் ஃப்ரிடெரிக், அதாவது நம் ஷோப்பான், பிறந்தான். பிறந்த தேதியில் இன்றுவரை இழுபறி: ஞானஸ்நானப் பதிவேடு பிப்ரவரி 22 என்கிறது, குடும்பம் மார்ச் 1 என்று கொண்டாடியது. பிள்ளைக்கு ஒரு வயது நிறையும் முன்பே எல்லோரும் வார்சாவுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆக, மேதை இங்கே வளரவில்லை. விடுமுறைக்கு வந்துபோனதோடு சரி.

இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. உள்ளே இருக்கும் மேஜை நாற்காலி எதுவும் ஷோப்பான் வீட்டுச் சாமான் இல்லை, அந்தக் காலத்துப் பொருட்களைத் தேடிச் சேர்த்தவை. வீட்டின் இன்றைய தோற்றமும் பெரிதும் 1930-களில் வந்ததுதான். 1928-இல் ஷோப்பான் அன்பர்கள் பணம் திரட்டி இடத்தை வாங்கியபோது, ‘தேசத்தின் இசைக்கலைஞன் பிறந்த இடம் ஒரு ட்வோரெக் போல இருக்க வேண்டும்’ என்ற ஆசை இருந்திருக்கிறது. ட்வோரெக் என்றால் சின்னப் பண்ணையார் வீடு. அவுட்ஹவுஸுக்குப் பண்ணையார் வேஷம் கட்டிவிட்டார்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை. போலந்துக்காரர்கள் தங்கள் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கனவு கண்டார்கள் என்பதை, அசல் வீட்டைவிட இந்த வேஷம்தான் நன்றாகக் காட்டுகிறது.

அந்தக் கனவு வீட்டின் இலக்கணத்தை அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். வாசலில் தூண்களோடு நீட்டிய முகப்பு, கானெக். வண்டியில் வந்து இறங்குபவர் மழையில் நனையாமல் நிற்கலாம், மாலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். கதவைத் திறந்தால் நடுக்கூடம், அதற்கு நேர் பின்னால் தோட்டத்தைப் பார்த்த பெரிய அறை. இரண்டு பக்கமும் அறைகள். பழைய வீடுகளில் மூலைக்கு மூலை தனிக் கூரையோடு துருத்தி நிற்கும் சிறு அறைக்கு அல்கெஷ் என்று பெயர். சுவர் பெரும்பாலும் லார்ச் மரம், மேலே சுண்ணாம்பு. தூரத்திலிருந்து பார்த்தால் கல் வீடு என்று நினைக்கத் தோன்றும், நினைக்க வேண்டும் என்பதுதான் நோக்கமே.

கூரைதான் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. வசதியான வீடுகளில் ‘உடைந்த போலந்துக் கூரை’ என்று ஒன்று உண்டு. மேலே ஒரு சரிவு, நடுவில் செங்குத்தாக ஒரு சின்னச் சுவர்ப் பட்டை, அதற்குக் கீழே இன்னொரு சரிவு. என் நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். பேனாவை வாங்கி, அந்தப் பட்டையில் இரண்டு ஜன்னல் வரைந்தார். “மச்சுக்கு வெளிச்சம் வேணும்ல? பனி கீழ வழுக்கிடும், வெளிச்சம் உள்ள வரும். கெட்டிக்காரன்.” வீட்டின் முகம் பதினொரு மணிச் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும் என்று ஒரு மரபு உண்டு, அப்படி வைத்தால் நாலு பக்கமும் ஏதோ ஒரு நேரத்தில் வெயில் படும் என்றேன். அப்பா உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றே கால்.

இந்த அழகுக்குப் பின்னால் வேறொரு கணக்கும் உண்டு. வெள்ளை வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தில் குடியானவர்கள் வாரத்தில் இத்தனை நாள் என்று கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது. ரஷ்ய ஆட்சிக்குள் இருந்த இந்தப் பகுதியில் அது சட்டப்படி முடிவுக்கு வந்தது 1864-இல்தான். பிறகு 1944 செப்டம்பரில் வந்த நிலச்சீர்திருத்த ஆணை, ஐம்பது ஹெக்டேருக்கு மேல் விளைநிலம் வைத்திருந்த பண்ணைகளை எடுத்துக்கொண்டது. குடும்பங்கள் வீட்டையும் விட்டுப் போனார்கள். வீடுகள் அரசுப் பண்ணை அலுவலகமாகவும் பள்ளிக்கூடமாகவும் மாறின, பல வீடுகள் கூரை இற்று விழுந்தன.

ஜெலாசோவா வோலா தப்பித்தது ஷோப்பான் பெயரால். 1894-இல் இங்கே அவருக்கு முதல் நினைவுச்சின்னம் எழுந்ததற்கு முன்னின்றவர் ஒரு ரஷ்யர், பலாகிரெவ் என்ற இசையமைப்பாளர். இந்தப் பகுதி ரஷ்யாவிடம் இருந்த காலத்தில் இது நடந்தது என்பது வேடிக்கைதான்.

பூங்காவுக்கே தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள். 1930-களில் கிஷிவ்தா-போல்கோவ்ஸ்கி என்பவர் வடிவமைத்தது. நாடெங்கிலுமிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் செடிகளை அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறார்கள். உத்ராத்தா என்ற சின்ன ஆறு ஊடே ஓடுகிறது.

கோடையில் வார இறுதிகளில் பியானோ கச்சேரி உண்டு. வாசிப்பவர் வீட்டுக்குள், நாம் வெளியே பெஞ்சில். திறந்த ஜன்னல் வழியாக இசை வருகிறது, வாசிப்பவர் முகம் தெரிவதில்லை. நடுவில் ஒரு குருவி இடைவிடாமல் கத்தியது, யாரும் அதைக் கோபித்துக்கொள்ளவில்லை. அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். “அந்தத் தூண் மரமா, செங்கல்லா?” என்றார். எழுந்து போய்த் தட்டிப் பார்க்கப் போனவரைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

சாப்பாட்டுக்குத் திரும்பும் வழியில் நெடுஞ்சாலையோரம் ‘ட்வோரெக்’ என்று பெயர் வைத்திருந்த ஒரு உணவகத்தில் இறங்கியது என் தப்பு. இந்த நாட்டில் கல்யாண மண்டபம் கட்டுபவர்கள் எல்லோரும் வாசலில் நாலு வெள்ளைத் தூணை நட்டுவிடுகிறார்கள். ஜுரெக் சூப் ஆறிப்போய் வந்தது, புளிப்பும் போதவில்லை, உள்ளே முட்டை மட்டும் நன்றாக இருந்தது. பில் வருவதற்குள் அப்பா வெளியே போய் ஒரு தூணை விரலை மடக்கித் தட்டினார். டப் டப். உள்ளே ஒன்றுமில்லை. இந்த ஒரு நாளில் நான் அவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது அப்போதுதான்.

என் மதிப்பீடு: ஜெலாசோவா வோலாவுக்குப் பூங்காவுக்காகவும் கச்சேரிக்காகவும் போங்கள், சனி ஞாயிறாகப் பார்த்துப் போங்கள். பண்ணையார் வீட்டுக்காக என்றால் வியெலுன் பக்கம் ஒஜாரூவில் 1757-இல் லார்ச் மரத்தில் கட்டிய வீடு இருக்கிறது, மூலை அறைகளோடு. இப்போது பண்ணை வீட்டு உள்ளறைகளுக்கான அருங்காட்சியகம். ரயிலில் திரும்பும்போது அதன் படத்தை அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது வீடு. அங்க தட்டிப் பார்க்க விடுவாங்களா?”