இலையா, அறுவையா, டிஎன்ஏவா? குட்டி அந்துப்பூச்சிகளை அடையாளம் காண எது கைகொடுக்கும்

எலுமிச்சை இலைத்துளைப்பானின் அந்துப்பூச்சி இறக்கையை விரித்தாலும் சுமார் அரை சென்டிமீட்டர்தான். இந்த அளவில் நிறத்தைப் பார்த்து இனம் சொல்வது கடினம். செதில் உதிர்ந்துவிட்டால் அதுவும் போச்சு. இலைக்குள்ளேயே குடைந்து தின்று வளரும் புழுக்கள்தான் இலைத்துளைப்பான்கள். இவற்றைப் பொறுத்தவரை என் ஓட்டு இலைக்குத்தான்.

இந்தப் புழுக்களில் பல, சில செடிகளை விட்டால் வேறெதையும் தொடாது. அதனால் செடி எதுவென்று தெரிந்தாலே பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும். அப்புறம் புழு குடைந்த கோடு. எலுமிச்சைத் தளிரில் வெள்ளியாக மினுக்கும் வளைகோடு, அதன் நடுவே மெல்லிய எச்சவரி, முடிவில் மடிந்த இலை விளிம்புக்குள் கூட்டுப்புழு என்றால் ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லாதான், அதாவது முதலில் சொன்ன எலுமிச்சை இலைத்துளைப்பான். தக்காளியில்தான் ஏமாறுவோம். ஒல்லியான பாம்புக்கோடு பெரும்பாலும் லிரியோமைசா என்ற ஈயின் வேலை, அந்துப்பூச்சியே அல்ல. திட்டுத்திட்டாக அகன்று காய்ந்திருந்தால், தென் அமெரிக்காவிலிருந்து பரவி 2014-ல் இந்தியாவில் தென்பட்ட தக்காளி ஊசிப்புழு என்ற அந்துப்பூச்சியைச் சந்தேகிக்கலாம். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து லென்ஸில் பாருங்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்குத் தலை தனியாகத் தெரியும். ஈப்புழுவுக்குத் தலைக்கூடு கிடையாது, கறுப்பு வாய்க்கொக்கி மட்டும்.

சரி, விளக்கொளிக்கு வந்த பூச்சிக்கு இலைக்கு எங்கே போவது? அங்கே அறுவைதான். வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் ஒப்பிடுவார்கள். நம்பலாம், ஆனால் கை பழக வேண்டும், பூச்சியும் சாக வேண்டும்.

டிஎன்ஏ பார்கோடுக்கு ஒரு கால் கிடைத்தாலும் போதும், புழுவானாலும் சரி. சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டை ஏற்கெனவே சேர்த்துவைத்த தொகுப்போடு ஒப்பிடுவார்கள். அந்த இனம் தொகுப்பில் இல்லையென்றால் பெயர் வராது. வெப்பமண்டலக் குட்டிப் பூச்சிகளுக்கு இதுதான் பெரிய தொல்லை.

இலையும் டிஎன்ஏவும் கூட்டுச் சேர்ந்தால் கதையே வேறு. ஐரோப்பாவில் ஹார்ஸ் செஸ்ட்நட் மரங்களைக் காயவைக்கும் கேமரேரியா ஓரிடெல்லா என்ற இலைத்துளைப்பான், மாசிடோனியாவின் ஓஹ்ரிட் ஏரிப் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு 1986-ல்தான் பெயர் பெற்றது. எங்கிருந்து வந்தது என்று நீண்ட நாள் குழப்பம். பழைய உலர்தாவரத் தொகுப்புகளில் இலையோடு நசுங்கிக் கிடந்த புழுக்களின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, 1879-லேயே அது கிரீஸில் இருந்தது தெரிந்தது. 2011-ல் வெளிவந்த ஆய்வு இது.

ஆகவே துளைத்த இலை கிடைத்தால் டப்பாவில் வைத்துப் பூச்சி வெளிவரும்வரை புழுவை வளர்த்து வாருங்கள். பூச்சியைப் படமெடுத்த கையோடு, செடியின் பெயரும் தேதியும் எழுதி அந்த இலையையும் அழுத்தி வையுங்கள்.